‘சர்வர் டவுன்மா, நாளைக்கு வாங்க’: ஜவ்வாது மலை வரை எட்டும் டைரக்டரி சர்வர் மாற்றம்... ஏன் அவசரம், எங்கே சிக்கல்? முழு விளக்கம்

மலைக்கிராமத்தில் இருந்து காலையில் கிளம்பி, பஸ் பிடித்து, ஜமுனாமரத்தூர் வந்து இ-சேவை மையத்தில் வரிசையில் நின்ற பிறகு கேட்கும் நான்கு வார்த்தைகள்: ‘சர்வர் டவுன்மா, நாளைக்கு வாங்க’. நகரத்தில் இது பத்து நிமிட எரிச்சல். மலையில் இது ஒரு நாள் கூலி, போக வர பஸ் காசு, மறுபடியும் ஒரு பயணம்.

‘சர்வர் டவுன்’ என்று சொல்லப்படுவதில் பல வகை உண்டு. கேபிள் அறுந்திருக்கலாம், கரன்ட் இல்லாமல் இருக்கலாம், இணையதளமே படுத்திருக்கலாம். இதில் வெளியே அதிகம் பேசப்படாத ஒரு வகை, ‘நீ யார்’ என்று ஊழியரைக் கம்ப்யூட்டர் அடையாளம் காண முடியாமல் போவது. அந்த அடையாள வேலையைச் செய்யும் இயந்திரத்துக்குப் பெயர்தான் டைரக்டரி சர்வர்.

உலகம் முழுக்க அலுவலகங்களில் இருக்கும் இந்த சர்வர்களில் ஒரு பெரிய பகுதிக்கு இப்போது கெடு நெருங்குகிறது. விண்டோஸ் சர்வர் 2016-க்கான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2027 ஜனவரி 12-உடன் நிறுத்துகிறது. அதற்கு முந்தைய 2012 ஆர்2 பதிப்புக்கு 2023 அக்டோபர் 10 அன்றே வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. காசு கட்டி நீட்டித்தவர்களுக்கும் 2026 அக்டோபர் 13 வரைதான் அவகாசம்.

மாற்றித்தான் ஆகணும். ஆனால் எப்படி மாற்றுவது? தப்பாக மாற்றினால் முதலில் அடிபடுவது யார்?

முக்கிய அம்சங்கள்

• டைரக்டரி சர்வர் நின்றால் ஒரு கம்ப்யூட்டர் அல்ல, மொத்த அலுவலகமும் லாக்-இன் ஆக முடியாமல் நிற்கும்.

• பழைய சர்வரை அப்டேட் இல்லாமல் ஓட்டுவது ரான்சம்வேர் தாக்குதலுக்குக் கதவைத் திறந்து வைப்பது போல.

• அவசரமாக மாற்றுவதும் ஆபத்து. சில படிகளில் திரும்பி வர வழியே கிடையாது.

• நெட்வொர்க் பலவீனமான மலைப்பகுதி அலுவலகங்களுக்குத் தனித் திட்டம் வேணும். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

டைரக்டரி சர்வர் என்றால் என்ன?

பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். யார் மாணவர், எந்த வகுப்பு, யார் ஆசிரியர் என்பதெல்லாம் ஒரே புத்தகத்தில் இருக்கும். அதில் பெயர் இல்லாதவர் வகுப்பில் உட்கார முடியாது. டைரக்டரி சர்வரும் அப்படித்தான். ஒரு நிறுவனத்தில் உள்ள ஊழியர்கள், அவர்களின் பாஸ்வேர்டு, யார் எந்த ஃபைலைத் திறக்கலாம், எந்தக் கம்ப்யூட்டர் அலுவலகத்துக்குச் சொந்தம் என எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் பதிவேடு அது.

ஊழியர் பாஸ்வேர்டு அடித்ததும் அவருடைய கம்ப்யூட்டர் இந்தப் பதிவேட்டைக் கேட்கும்: ‘இவர் நம்ம ஆளா?’ பதிவேடு ‘ஆமா’ என்றால்தான் வேலை நடக்கும்.

1988-ல் வந்த எக்ஸ்.500 என்ற சர்வதேசத் தரத்தில் இருந்து இதன் கதை தொடங்குகிறது. அது ரொம்பக் கனமாக இருந்ததால், 1993-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்து எளிமையான வடிவம் வந்தது. அதுதான் எல்டாப். 2000-ல் விண்டோஸ் 2000 சர்வரோடு மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஆக்டிவ் டைரக்டரி இன்றைக்கு அலுவலகங்களில் அதிகம் புழங்குகிறது. அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் இயந்திரத்தை டொமைன் கன்ட்ரோலர் என்பார்கள்.

ஒரே ஒரு புத்தகம் இருந்தால் அது தொலைந்தால் கதை முடிந்தது. அதனால் பதிவேட்டின் நகல்கள் பல இடங்களில் வைக்கப்படும். ஓர் இடத்தில் பாஸ்வேர்டு மாறினால் மற்ற நகல்களுக்கும் அந்த மாற்றம் தானாகப் போய்ச் சேரும். இந்த நகலெடுப்பு சரியாக நடக்கிறதா என்பதுதான் எல்லாத் திட்டமிடலுக்கும் அடிப்படை.

ஒரு சான்றிதழ்... எத்தனை லாக்-இன்?

ஜவ்வாது மலையில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். பிள்ளை கல்லூரிக்குப் போகணும் என்றால் பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் வேணும். தமிழ்நாட்டில் இந்தச் சான்றிதழை வழங்கும் அதிகாரம் தாசில்தாருக்கு இல்லை, வருவாய் கோட்டாட்சியருக்குத்தான். விண்ணப்பம் ஆன்லைனில் போகிறது. கீழ்மட்ட விசாரணையில் தொடங்கி கோட்டாட்சியரின் ஒப்புதல் வரை ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் லாக்-இன் செய்து பார்த்து அனுப்பினால்தான் அது நகரும்.

முன்பு ஃபைல் ஒரு மேசையில் கிடந்தால், போய் நின்று கேட்கலாம். ‘சார், எங்க ஃபைல் என்னாச்சு?’ என்றால் ஒரு பதில் கிடைக்கும். இப்போது ஃபைல் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. மேசையில் இருப்பவர் உள்ளே நுழைய முடியாவிட்டால், அவர் நல்லவராக இருந்தும் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி அரசுச் சேவைகள் ஆன்லைனுக்குப் போகப் போக, லாக்-இன் என்பது ஊழியரின் தனிப் பிரச்னையாக இல்லாமல், பொதுமக்களின் பிரச்னையாக மாறிவிட்டது.

பழைய சர்வர் நல்லாத்தானே ஓடுது, ஏன் மாற்றணும்?

பெரும்பாலான அலுவலகங்களில் எழும் முதல் கேள்வி இதுதான். ஓடும் என்பது உண்மை. கெடு தேதி தாண்டினால் சர்வர் நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது.

அப்படி ஓர் ஓட்டை எவ்வளவு பெரியதாக இருக்கலாம்? 2020-ல் வெளிவந்த ‘ஸீரோலாகன்’ ஓர் உதாரணம். அலுவலக நெட்வொர்க்குக்குள் கால் வைத்த எவரும், பாஸ்வேர்டே தெரியாமல், டொமைன் கன்ட்ரோலரைக் கைப்பற்ற முடியும் என்ற நிலை. ஆபத்து அளவுகோலில் அதற்குக் கிடைத்த மதிப்பெண் 10-க்கு 10. ஆகஸ்ட் மாதம் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. செப்டம்பரில் அமெரிக்க அரசு தன் துறைகளுக்கு உடனே சரிசெய்யச் சொல்லி அவசர உத்தரவே போட்டது. ஆதரவு முடிந்த சர்வருக்கு அடுத்த ஸீரோலாகன் வந்தால், திருத்தம் வராது.

நம்ம ஊரிலும் எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது. 2021 செப்டம்பரில் சென்னை தலைமைச் செயலகத்தின் பொதுத்துறை கம்ப்யூட்டர்கள் ரான்சம்வேரால் பூட்டப்பட்டன. கிரிப்டோ கரன்சியில் பணம் கேட்டு மிரட்டல் வந்தது.

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ். ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் டேட்டா பூட்டப்பட்டது என்று நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்றும் அந்தப் பதிலில் கூறப்பட்டது. ஓபி சீட்டு, லேப் ரிப்போர்ட் எல்லாம் பல நாள்கள் கையால் எழுதப்பட்டன.

ரான்சம்வேர் கும்பல்கள் டைரக்டரி சர்வரைக் குறிவைக்கக் காரணம் எளிது. தனித்தனி வீட்டுப் பூட்டை உடைப்பதைவிட, ஊர்ச் சாவிக்கொத்து இருக்கும் அறையை உடைப்பது லாபம்.

அப்போ புதுசு வாங்கிப் போட்டுட வேண்டியதுதானே?

இங்கேதான் சிக்கல். போன் மாற்றுவது போல இதை மாற்ற முடியாது. பழைய போனை அணைத்துவிட்டு சிம்மைப் புது போனில் போடலாம். டைரக்டரியில் பழையதும் புதியதும் கொஞ்ச காலம் ஒன்றாக ஓடணும். ஓடும் பஸ்சில் இருந்தபடியே சக்கரத்தை மாற்றும் வேலை இது.

மூன்று தடைகள் வழக்கமாக வரும்.

முதல் தடை: படி தாண்ட முடியாது. விண்டோஸ் சர்வர் 2025-ஐ டொமைன் கன்ட்ரோலராகச் சேர்க்க, டைரக்டரியின் செயல்பாட்டு நிலை குறைந்தபட்சம் 2016 ஆக இருக்கணும். ஆனால் ஒரே ஒரு 2012 ஆர்2 கன்ட்ரோலர் மீதி இருந்தாலும் அந்த நிலைக்கு உயர்த்த முடியாது. அதனால் முதலில் 2019 அல்லது 2022 பதிப்பைக் கொண்டுவந்து, பழையதை வெளியேற்றி, நிலையை உயர்த்தி, அதன் பிறகே 2025-க்குப் போகணும். ‘நேரா புதுசுக்குப் போயிடலாம்’ என்று திட்டம் போட்டவர்கள் பாதி வழியில் நிற்பது இதனால்தான்.

இரண்டாவது தடை: பழைய நகலெடுப்பு முறை. லாக்-இன் ஸ்கிரிப்ட், கொள்கை விதிகள் அடங்கிய ஃபோல்டரை எல்லாக் கன்ட்ரோலர்களுக்கும் நகலெடுக்க முன்பு எஃப்ஆர்எஸ் என்ற முறை இருந்தது. 2019 மற்றும் அதற்குப் பிந்தைய பதிப்புகள் அதை ஏற்காது. முதலில் டிஎஃப்எஸ்ஆர் என்ற புதிய முறைக்கு மாறியாகணும்.

மூன்றாவது தடை: யாருக்கும் நினைவில் இல்லாத தொடர்புகள். பத்து வருடத்துக்கு முன் யாரோ எழுதிய சம்பளப் பட்டியல் சாஃப்ட்வேர், மூலையில் இருக்கும் பிரிண்டர், வருகைப் பதிவு மெஷின் எல்லாம் பழைய சர்வரின் ஐபி எண்ணை நேரடியாகப் பிடித்து வைத்திருக்கும். பழைய சர்வரை அணைத்த அன்றுதான் அது தெரியவரும். எழுதியவர் ஓய்வு பெற்றிருப்பார்.

சரியான திட்டம் எப்படி இருக்கும்?

அனுபவப்பட்ட நெட்வொர்க் நிர்வாகிகள் பின்பற்றும் வரிசை ஏறக்குறைய இதுதான்.

1. கணக்கெடுப்பு: எத்தனை கன்ட்ரோலர், எந்தப் பதிப்பு, எங்கே இருக்கிறது, யார் அதைக் கேட்கிறார்கள் என்று பட்டியல் போடுவது. வேலையைவிட்டுப் போனவர்களின் கணக்குகளை மூடுவதும் இப்போதுதான்.

2. உடல்நலப் பரிசோதனை: நகலெடுப்பு எங்கும் தடைபடாமல் நடக்கிறதா, டிஎன்எஸ் சரியா என்று பார்ப்பது. காய்ச்சலோடு இருப்பவருக்கு ஆபரேஷன் செய்ய மாட்டார்கள். அது இங்கேயும் பொருந்தும்.

3. பேக்கப், அதைவிட முக்கியம் மீட்டெடுப்பு ஒத்திகை: பேக்கப் எடுத்தேன் என்பது பாதி வேலை. தனி நெட்வொர்க்கில் அதை எழுப்பிப் பார்த்து, லாக்-இன் ஆகிறதா என்று சோதித்தால்தான் முழு வேலை. அடுத்து வரும் ஸ்கீமா மாற்றம் என்ற படியை, ‘அன்டூ’ அழுத்தித் திரும்பப் பெற முடியாது. மொத்த டைரக்டரியையும் பேக்கப்பில் இருந்து மீட்பது ஒன்றே வழி.

4. பழையதன் பக்கத்தில் புதியது: ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் மேலேயே புதுப் பதிப்பை ஏற்றாமல், புதிய இயந்திரத்தைச் சேர்த்து, பதிவேடு முழுதாக நகலாகும் வரை காத்திருப்பது.

5. பொறுப்பு மாற்றம்: ஆக்டிவ் டைரக்டரியில் ஐந்து சிறப்புப் பொறுப்புகள் உண்டு. ஒவ்வொன்றையும் ஒரே நேரத்தில் ஒரு சர்வர்தான் வகிக்க முடியும். அவற்றைப் புதியதற்கு முறைப்படி ஒப்படைக்கணும்.

6. முகவரி திருத்தம்: எல்லாக் கம்ப்யூட்டர்களும் டிஎன்எஸ்-க்குப் புதிய சர்வரைக் கேட்கும்படி மாற்றணும். மாற்றத்துக்குப் பிறகு வரும் புகார்களில் கணிசமானவை இந்த ஒரு படியைச் சரியாகச் செய்யாததால் வருபவை.

7. அணைத்துப் பார்ப்பது: பழைய சர்வரை உடனே நீக்காமல், சில நாள்கள் அணைத்து மட்டும் வைப்பது. யாராவது கத்தினால், மறந்துபோன தொடர்பு எது என்று தெரிந்துவிடும். கத்தல் இல்லை என்றால் மறுபடி எழுப்பி, முறைப்படி பதிவேட்டில் இருந்து நீக்குவது.

இதில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஆனால் எதையும் தவிர்க்கவும் முடியாது.

மலை மேல என்ன தனி சிக்கல்?

மேலே சொன்ன பட்டியல் சென்னையில் ஒரே கட்டடத்தில் இயங்கும் அலுவலகத்துக்குப் போதும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை போன்ற இடத்துக்குப் போதாது. போளூர், செங்கம், திருப்பத்தூர் எனப் பல பக்கங்களில் இருந்து மலைச்சாலைகள் ஏறுகின்றன. ஒரு மரம் விழுந்தால் சாலையும் போகும், கேபிளும் போகும், கரன்ட்டும் போகும்.

ஓர் அலுவலகம் ஜமுனாமரத்தூரில் இருக்கிறது, அதன் டைரக்டரி கீழே சமவெளியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திட்டமிடுபவர் முன் மூன்று வழிகள் இருக்கும்.

வழி ஒன்று, மலையில் சர்வரே வைக்காமல் எல்லாவற்றையும் கீழே கேட்பது. செலவு குறைவு. ஆனால் லைன் போனால் லாக்-இன் போச்சு. விண்டோஸ் கம்ப்யூட்டர் கடைசியாக லாக்-இன் செய்த பத்துப் பேரின் விவரத்தைத் தன்னிடமே நினைவில் வைத்திருக்கும் என்பதால் பழைய ஊழியர்கள் உள்ளே போகலாம். இடமாற்றலாகி வந்த புதிய ஊழியர் வெளியேதான் நிற்கணும்.

வழி இரண்டு, முழு நகலையும் மலையில் வைப்பது. லைன் போனாலும் வேலை நடக்கும். ஆனால் பூட்டு, காவல், ஏசி இல்லாத ஓர் அறையில் மொத்த நிறுவனத்தின் சாவிக்கொத்தும் இருக்கும். அந்தப் பெட்டியை யாராவது தூக்கிப்போனால், எல்லோருடைய பாஸ்வேர்டும் ஆபத்தில்.

வழி மூன்று, ‘படிக்க மட்டும்’ அனுமதிக்கும் நகல். 2008 பதிப்பில் இருந்தே இருக்கும் இந்த ஆர்ஓடிசி வசதி, இப்படிப்பட்ட கிளை அலுவலகங்களுக்காகவே வடிவமைக்கப்பட்டது. அந்த மலை அலுவலக ஊழியர்களின் பாஸ்வேர்டு விவரத்தை மட்டும் அதில் வைக்கலாம். லைன் போனாலும் அவர்கள் உள்ளே நுழையலாம். பெட்டி திருடு போனால் அந்தச் சிலரின் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதும். பலவீனமான நெட்வொர்க், பாதுகாப்புக் குறைந்த கட்டடம் என இரண்டும் சேரும் இடத்துக்கு இதுதான் பொருத்தம்.

இந்தக் கணக்கு நாளை மாறலாம். பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை ஆப்டிகல் ஃபைபரில் இணைக்கும் பணியை டான்ஃபினெட் நிறுவனம் செய்கிறது. மலைக்கு உறுதியான ஃபைபர், அதோடு அறுந்தால் மாற்று வழி என இரண்டும் இருந்தால், வழி ஒன்றே போதும் என்ற நிலை வரலாம். ஒரு கேபிளை மட்டும் நம்பி அந்த முடிவை எடுக்கக்கூடாது.

கடிகாரம் ஐந்து நிமிஷம் பிசகினால்...

மலையின் திருப்பத்தூர் மாவட்டப் பகுதியான காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்கே உள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. பூமி சுழன்றுகொண்டே இருப்பதால், நேரம் பிசகினால் நட்சத்திரம் கண்ணாடிக்குள் சிக்காது என்பது அங்கே அரிச்சுவடி.

டைரக்டரி சர்வருக்கும் அதே அரிச்சுவடிதான். ஆக்டிவ் டைரக்டரி பயன்படுத்தும் கெர்பராஸ் என்ற அடையாளச் சோதனை முறை, நேர முத்திரையை வைத்தே சீட்டு கொடுக்கிறது. ஊழியரின் கம்ப்யூட்டர் கடிகாரமும் சர்வர் கடிகாரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால், பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் உள்ளே விடாது.

அடிக்கடி கரன்ட் போகும் இடத்தில், மதர்போர்டில் உள்ள சின்ன பேட்டரி தீர்ந்துபோன கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் பழைய தேதியில் எழும். ‘லாக்-இன் ஆகலை’ என்ற புகாருக்குக் காரணம் சில சமயம் ஒரு சின்ன பேட்டரியாக இருக்கும். சர்வர் மாற்றத் திட்டத்தில் இந்தப் பேட்டரி கணக்கும் இருக்கணும்.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு கன்ட்ரோலர் நீண்ட நாள் துண்டிக்கப்பட்டு, வழக்கமான வரம்பான 180 நாளைத் தாண்டிவிட்டால், அதை மறுபடி இணைக்கக்கூடாது. இடையில் நீக்கப்பட்ட கணக்குகள் அதில் உயிரோடு இருக்கும், திரும்பி வந்து பதிவேட்டைக் குழப்பும். மலை அலுவலகத்தில் பழுதாகி, ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று மூலையில் வைத்த சர்வரை ஒரு வருடம் கழித்துத் தூசி தட்டி இணைப்பது ஆபத்து என்பது இதனால்தான்.

மாவட்டம் பிரிந்தால் பதிவேடு என்ன ஆகும்?

ஜவ்வாது மலை ஒரே மலைதான். ஆனால் நிர்வாகத்தில் இன்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம். பீஞ்சமந்தை பக்கம் வேலூர். புதூர்நாடு பக்கம் திருப்பத்தூர். இதில் திருப்பத்தூர் மாவட்டம் 2019 நவம்பர் 28 அன்றுதான் வேலூரில் இருந்து பிரிந்தது. ராணிப்பேட்டையும் அதே நாளில்தான் பிரிந்தது.

மாவட்டம் பிரியும்போது பெயர்ப் பலகை ஒரே நாளில் மாறிவிடும். கம்ப்யூட்டருக்குள் நூற்றுக்கணக்கான ஊழியர்களின் கணக்கு, அனுமதி, ஃபைல், மேலதிகாரி வரிசை எல்லாம் மாறணும். இங்கே டைரக்டரி வடிவமைப்பில் ஒரு பாடம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு தனி டொமைன் என்று கட்டியிருந்தால், ஊழியரை ஒரு டொமைனில் இருந்து இன்னொன்றுக்குத் தூக்குவது பெரிய வேலை, அனுமதிகள் உடைய வாய்ப்பு அதிகம். மாநிலத்துக்கு ஒரே டொமைன், உள்ளே மாவட்டங்கள் வெறும் பிரிவுகள் என்று வைத்திருந்தால், ஒரு ஃபோல்டரில் இருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவது போல முடிந்துவிடும்.

சர்வரை மாற்றும் நேரம்தான் இந்த வடிவமைப்பைத் திருத்தவும் வாய்ப்பு. பழைய குப்பையோடு புது வீட்டுக்குக் குடிபோவதில் அர்த்தம் இல்லை.

கரன்ட் கட் காப்பாற்றிய கதை

2017 ஜூன் 27. உலகின் மிகப்பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான மெர்ஸ்க்கை ‘நாட்பெட்யா’ என்ற மால்வேர் தாக்கியது. உலகம் முழுக்க அந்த நிறுவனத்துக்கு இருந்த சுமார் 150 டொமைன் கன்ட்ரோலர்களும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அழிந்தன. ஒன்றுக்கு ஒன்று நகலாக இருந்ததால் பாதுகாப்பு என்று நினைத்திருந்தார்கள். எல்லாமே ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் கணக்குப் போடவில்லை.

ஒன்று மட்டும் பிழைத்தது. ஆப்பிரிக்காவின் கானாவில் இருந்த சர்வர். காரணம், தாக்குதல் நேரத்தில் அங்கே கரன்ட் இல்லை. நெட்வொர்க்கில் இருந்து துண்டிக்கப்பட்டிருந்ததால் மால்வேர் அதைத் தொடவில்லை. அந்த ஹார்டு டிஸ்க்கைக் கானாவில் இருந்து நைஜீரியாவுக்குக் கொண்டுபோய், அங்கே இன்னொருவரிடம் கைமாற்றி, இங்கிலாந்துக்கு விமானத்தில் கொண்டுவந்துதான் மொத்த நிறுவனத்தின் அடையாளப் பதிவேட்டையும் மீட்டார்கள். 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்து நாளில் புதிதாக நிறுவியதாக அந்த நிறுவனத்தின் தலைவர் பின்னர் தெரிவித்தார்.

நகலும் பேக்கப்பும் ஒன்றல்ல. நகல் என்பது தப்பையும் சேர்த்தே நகலெடுக்கும். நெட்வொர்க்கில் இருந்து துண்டித்து, பூட்டி வைத்த ஒரு பேக்கப் வேணும். மெர்ஸ்க்குக்கு அது அதிர்ஷ்டத்தில் கிடைத்தது. மற்றவர்கள் திட்டம் போட்டு வைக்கலாம்.

12 லட்சம் பேர் மாறியபோது...

இந்தியாவில் சமீபத்தில் நடந்த பெரிய அடையாள மாற்றம், மத்திய அரசு ஊழியர்களின் இமெயில். தேசிய தகவல் மையமான என்ஐசி நடத்திவந்த சேவையில் இருந்த சுமார் 12 லட்சம் ஊழியர்களின் மெயில்கள் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டதாக 2025 அக்டோபரில் செய்தி வெளியானது. 2023-ல் ஏழு ஆண்டுகளுக்கான ஒப்பந்தம் ஸோஹோவுக்குக் கிடைத்திருந்தது.

இதில் கவனிக்கவேண்டியது, ஊழியர்களின் மெயில் முகவரி மாறவில்லை. பின்னால் இருக்கும் இயந்திரம் மாறியது, முன்னால் இருக்கும் பெயர் அப்படியே இருந்தது. வீட்டை இடித்துக் கட்டினாலும் கதவு எண் மாறவில்லை என்றால் தபால்காரர் குழம்ப மாட்டார். நல்ல மாற்றத்தின் அடையாளம் இதுதான். ஒப்பந்தம் கிடைத்து மாற்றம் செய்தியாகும் வரை இரண்டு ஆண்டுகள் ஓடியிருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்கணும். கெடு தேதிக்கு இரண்டு மாதம் முன்பு டெண்டர் விட்டால் இந்த வேலை முடியாது.

விண்டோஸ் தவிர வேறு வழி இல்லையா?

உண்டு. ஓபன்எல்டாப், ஃப்ரீஐபிஏ போன்றவை லைசென்ஸ் கட்டணம் இல்லாதவை. 2012 டிசம்பரில் வந்த சாம்பா 4, லினக்ஸிலேயே ஆக்டிவ் டைரக்டரி கன்ட்ரோலர் வேலையைச் செய்யும். தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதல்ல. அரசின் எல்காட் நிறுவனம் 2007 வாக்கிலேயே சூசே லினக்ஸுக்கு மாறியது.

ஆனால் லைசென்ஸ் காசு மிச்சம் என்பது பாதிக் கணக்கு. பராமரிக்கத் தெரிந்த ஆள்கள், ஏற்கெனவே ஓடும் சாஃப்ட்வேர்கள் இதோடு ஒத்துப்போகுமா என்ற சோதனை, இரண்டுக்கும் நேரமும் சம்பளமும் தேவை. கிளவுடுக்கு மாறும் வழியும் உண்டு. அதில் சர்வர் பராமரிப்பு தலைவலி இல்லை. ஆனால் இணைய இணைப்பு மேல் சார்பு கூடும். மலை அலுவலகத்துக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

யாரை முதலில் யோசிக்கணும்?

வழக்கமாக இப்படிப்பட்ட மாற்றங்கள் தலைமை அலுவலகத்தில் தொடங்கும். அங்கே எல்லாம் சரியாக ஓடியதும் ‘வெற்றி’ என்று அறிவிப்பு வரும். தூரத்து அலுவலகங்கள் பட்டியலின் கடைசியில் இருக்கும். நேரமும் பணமும் தீரும்போது, அவைதான் பாதியில் நிற்கும்.

ஆனால் பாதிப்பின் எடை தலைகீழாக இருக்கிறது. சென்னையில் லாக்-இன் ஒரு மணி நேரம் தாமதமானால், காத்திருப்பவர் டீ குடித்துவிட்டு வருவார். ஜமுனாமரத்தூரில் தாமதமானால், கடைசி பஸ்சுக்கு நேரமாகிவிடும். அதனால் சோதனை ஓட்டத்திலேயே ஒரு மலை அலுவலகத்தைச் சேர்ப்பதுதான் நியாயம். தொழில்நுட்பக் கண்ணோட்டத்திலும் அதுதான் சரி. மெதுவான லைன், கரன்ட் கட், கடிகாரப் பிசகு என எல்லாச் சிக்கலும் ஒன்றாக இருக்கும் இடத்தில் ஒரு திட்டம் தாங்கினால், மற்ற இடத்திலும் தாங்கும்.

தேதி தேர்வும் முக்கியம். மே முதல் ஜூலை வரை கல்லூரிச் சேர்க்கைக் காலம். சான்றிதழ் கேட்டு வருபவர்கள் அதிகம். அந்த மாதங்களில் லாக்-இன் சிஸ்டத்தில் கை வைக்கக்கூடாது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மலைச்சாலையை நம்பி ஹார்டுவேர் அனுப்புவதும் சிரமம். மிச்சம் இருக்கும் மாதங்களைப் பார்த்தால், 2027 ஜனவரி கெடு காகிதத்தில் தெரிவதைவிட பக்கத்தில் இருக்கிறது.

கடைசியாக, மாற்று ஏற்பாடு. மாற்றம் நடக்கும் நாளில் லாக்-இன் ஆகாவிட்டால் என்ன செய்வது என்று ஊழியரிடம் எழுத்தில் இருக்கணும். விண்ணப்பத்தைக் காகிதத்தில் வாங்கி, தேதி போட்டு, ஒப்புகைச் சீட்டு கொடுத்து, சிஸ்டம் வந்ததும் ஏற்றிவிடலாம். அதற்கு எந்தச் சர்வரும் தேவையில்லை. அனுமதி மட்டும்தான் தேவை.

அந்த ஒரு சீட்டு கையில் இருந்தால், ‘நாளைக்கு வாங்க’ என்ற வார்த்தை கேட்காமலே மலைக்குத் திரும்பலாம்.